கஞ்சி போட்ட கம்பி

"தம்பி, மாசி மகத்துக்கு வர்றப்ப உன் மருமகனுக்கு கிடார் கம்பி ஒரு செட்டு வாங்கிட்டு வந்துரு" என்று திருச்சுழியிலிருந்து அக்கா போன் பண்ணினாள். கம்பி என்றால் எனக்குத் தெரிந்தது மூன்றுதான். வீடு கட்டுகிற கம்பி, ஜன்னல் கம்பி, எண்ணுகிற கம்பி. மூன்றாவதை நான் எண்ணியதில்லை. நாலாவதாக கிடார் கம்பி.

சரி, போனால் போகிறது என்று மதுரையில் ஒரு வாத்தியக் கடைக்குள் நுழைந்தேன். கவுன்ட்டரில் இருபது வயசுப் பையன்.

"தம்பி, கிடாருக்குக் கம்பி வேணும்."

"நைனா?"

எனக்குச் சுருக்கென்றது. டை அடித்து நாலு நாள்தான் ஆகிறது. அதற்குள் நைனாவா? இருந்தாலும் பெரிய மனுஷத் தோரணையோடு, "சொல்லுப்பா" என்றேன்.

"இல்ல சார்... நைனா, டென்னா?"

அப்புறம்தான் புரிந்தது. முதல் கம்பியின் கனத்தை வைத்துத்தான் செட்டுக்குப் பெயராம். ஓர் அங்குலத்தை ஆயிரம் கூறு போட்டு அதில் ஒன்பது கூறு கனம் என்றால் 'நைன்'. பத்துக் கூறு என்றால் 'டென்'. பத்துக் கூறு என்பதே கால் மில்லிமீட்டர்தான். அக்காவுக்குப் போன் போட்டு, அவள் பையனைக் கேட்டு, "டென்" என்று பதில் வந்தது. அப்பாடா என்று நினைத்தால் அடுத்த கேள்வி: "கோட்டடா, சாதாவா?"

"ரெண்டுக்கும் என்னப்பா வித்தியாசம்?"

"ஆயிரம் ரூவா சார்."

சத்தியமான பதில்! சாதா செட் அறுநூறு. மேலே மெல்லிய பூச்சுப் போட்ட கோட்டட் செட் ஆயிரத்து அறுநூறு. நான் முழிப்பதைப் பார்த்துப் பையனே வழி சொன்னான். "ரெண்டையும் கொண்டு போங்க. எதைப் பிரிக்கலையோ அதைத் திருப்பிக் குடுத்துருங்க."

இப்படியாக இரண்டு சதுரப் பொட்டலங்களை மடியில் வைத்துக்கொண்டு மாட்டுத்தாவணியில் பஸ் ஏறினேன்.

* * *

மதுரையிலிருந்து காரியாபட்டி வழியாகத் திருச்சுழி சுமார் ஐம்பது கிலோமீட்டர். காரியாபட்டி தாண்டியதும் ஜன்னலுக்கு வெளியே ஒரே படம்தான் திரும்பத் திரும்ப ஓடும். கரிசல் காடு, சீமைக்கருவேலம், தண்ணீரில்லாத கண்மாய், மறுபடி சீமைக்கருவேலம். அங்கங்கே கரிமூட்டத்தின் புகை. மாசி பிறந்து பத்து நாள்கூட ஆகவில்லை, வெயில் பங்குனி வேலையை இப்போதே பார்க்க ஆரம்பித்துவிட்டது. ஜன்னல் வழியாக வந்த காற்றில் மண்ணும் இருந்தது. மூஞ்சியைத் துடைத்தால் கைக்குட்டை காபி கலருக்கு மாறியது.

கடைக்காரப் பையன் சொன்னது ஞாபகத்துக்கு வந்தது. பூச்சு எதுக்கு என்றால், துருப்பிடிக்காமல் இருக்கத்தானாம். எனக்குச் சிரிப்பு வந்தது. துருப்பிடிக்கத் தண்ணீர் வேண்டாமா? இந்தச் சீமையில் இரும்பு துருப்பிடிக்க ஆசைப்பட்டாலும் ஈரத்துக்கு எங்கே போகும்? ஆயிரத்து அறுநூறு ரூபாய்ப் பொட்டலம் மதுரைக்குத் திரும்புவது நிச்சயம் என்று அந்த பஸ்ஸிலேயே முடிவு கட்டிவிட்டேன். மடியில் இருந்த ஆயிரம் ரூபாய் லாபம் என்னைப் பார்த்துச் சிரித்தது.

* * *

திருச்சுழி சின்ன ஊர்தான். ஆனால் பெயர் பெரியது. சுந்தரர் பாடிய திருமேனிநாதர் கோயில் இங்கே இருக்கிறது. ஊழிக்காலத்தில் உலகத்தை மூடிய வெள்ளத்தைச் சிவபெருமான் சூலத்தால் குத்தி, சுழித்துக்கொண்டு பூமிக்குள் இறங்கும்படி செய்த இடம் இது என்பது தலபுராணம். அதனால்தான் 'சுழி'. "அன்னைக்கு உள்ள போன தண்ணிதான்... அப்புறம் மேல வரவே இல்ல" என்பது ஊர்க்காரர்கள் சேர்த்துக்கொண்ட உபபுராணம். குண்டாற்றைப் பார்த்தால் அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. மணல்தான் ஓடுகிறது.

1879 டிசம்பர் 30-ம் தேதி இதே ஊரில், கோயிலுக்குப் பக்கத்து வீட்டில்தான் வேங்கடராமன் என்ற குழந்தை பிறந்தது. பின்னாளில் உலகம் அவரை ரமண மகரிஷி என்று அறிந்துகொண்டது. பிறந்த வீடு 'சுந்தர மந்திரம்' என்ற பெயரில் இன்றும் பார்க்கக் கிடைக்கிறது. உள்ளே போய்ப் பத்து நிமிஷம் உட்கார்ந்தேன். மனசு அடங்குவதற்குள் அக்காவிடமிருந்து, "எங்கடா இருக்க? சோறு ஆறுது" என்று போன்.

கோயிலுக்கு எதிரே உள்ள தீர்த்தக்குளத்தைப் பற்றி ஒரு விசேஷம் சொல்வார்கள். மாசி மகத்துக்கு முந்திய பத்து நாளும் தினம் ஓர் அடியாகத் தண்ணீர் ஏறுமாம். அந்தத் தண்ணீரில் கந்தகச் சத்து இருப்பதால் குளித்தவர்களின் நகை கறுத்துவிடும் என்றும், சின்ன வயசில் அதைத் தாமே பார்த்ததாகவும் ரமணரே பிற்காலத்தில் அன்பர்களிடம் சொல்லியிருக்கிறார். வெள்ளியும் கந்தகமும் சேர்ந்தால் கறுப்புதான் என்பதைப் பள்ளிக்கூட ரசாயனமும் சொல்கிறது.

குளக்கரையில் நின்றபோது என் கணக்கு லேசாக ஆட்டம் கண்டது. உலோகத்தைக் கெடுக்க ஊர் முழுக்க ஈரமாக இருக்க வேண்டியதில்லை போலிருக்கிறதே! அதன் மேல் என்ன படுகிறது என்பதுதானே சங்கதி?

* * *

அக்கா வீட்டில் சாப்பாடு பிரமாதம். பேச்சுத்தான் இல்லை. மச்சான் ஒரு மூலையில், மருமகன் ஒரு மூலையில். நடுவில் அக்கா தபால்காரி மாதிரி போய்ப் போய் வந்தாள்.

விஷயம் இதுதான். மச்சானுக்குப் பூர்வீகம் அருப்புக்கோட்டை, தறிக்காரக் குடும்பம். முப்பது வருஷம் குழித்தறியில் உட்கார்ந்து காட்டன் சேலை நெய்தவர். தறி நின்று பல வருஷமாகிறது. இப்போது ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிறார். பையன் டிப்ளமா முடித்துவிட்டுப் பகலில் செல்போன் கடை, ராத்திரியில் மெல்லிசைக் குழுவில் கிடார். பங்குனி பிறந்தால் இந்தப் பக்கம் கோயிலுக்குக் கோயில் பொங்கல்தான். விருதுநகர் பராசக்தி மாரியம்மன் பொங்கலைக் கேட்கவே வேண்டாம். பொங்கல் என்றால் பாட்டுக் கச்சேரி உண்டு. கச்சேரி என்றால் நடுராத்திரிக்கு மேல் இளையராஜா உண்டு. ராஜா பாட்டு என்றால் கிடார் இல்லாமல் முடியுமா?

போன வருஷம் ஒரு ஊரில் இவன் வாசித்துக்கொண்டிருக்கும்போது சுருதி ஆட்டம் போட்டிருக்கிறது. முறுக்கி முறுக்கி வைத்தாலும் நிற்கவில்லை. பாடுகிற பெண் திரும்பி ஒரு முறை முறைத்தாள். அடுத்த இரண்டு கச்சேரிக்கு இவனைக் கூப்பிடவில்லை. இப்போது மதுரைக் குழு ஒன்றிலிருந்து பங்குனியில் நாலு ராத்திரிக்கு வாய்ப்பு வந்திருக்கிறது. சரியாக வாசித்தால் சீசன் முழுக்க அவர்களோடுதான். சொதப்பினால் செல்போன் கடையேதான்.

"அந்த நாலு நாளுக்குத்தான் மாமா கோட்டட் கேட்டேன்" என்றான். "அப்பாகிட்ட அம்மா ரேட்டைச் சொல்லிட்டாங்க..."

மூலையிலிருந்து குரல் வந்தது. முகம் என் பக்கம், வார்த்தை அவன் பக்கம். "ஏன் மாப்ளே, ஆறு துண்டுக் கம்பிக்கு ஆயிரத்தறுநூறு ரூவாயா? அந்தக் காசுக்கு வீட்டைச் சுத்தி முள்வேலியே போட்டுரலாம்!"

* * *

மருமகன் கிடாரை எடுத்துவந்து என் மடியில் வைத்தான். ஆறு கம்பி. மேலே மூன்று கனம், கீழே மூன்று மெலிசு.

"இந்த மூணும் வெறும் ஸ்டீல் மாமா. கனமா இருக்கிற மூணும் அப்படி இல்ல. நடுவுல ஒரு ஸ்டீல் கம்பி, அதுமேல நிக்கல் பூசின ஸ்டீலைச் சுருட்டியிருப்பாங்க. கீழ இருக்கு பாருங்க பிக்கப்பு, அதுக்குள்ள காந்தம், காந்தத்தைச் சுத்தி ஆயிரக்கணக்குல தாமிரச் சுத்து. கம்பி ஆடுனா அதுல கரண்ட் உண்டாகும். அதான் ஆம்ப்ளிஃபயருக்குப் போகுது. சாதா கிடாருக்குப் போடுற வெண்கலச் சுத்துக் கம்பியை இதுல மாட்டினா பிக்கப்புக்குச் சரியாக் காது கேக்காது. காந்தம் இரும்பு ஜாதியைத்தானே இழுக்கும்?"

கனக் கம்பியை விரலால் தடவிப் பார்த்தேன். சொரசொர என்று இருந்தது. விரல் படுகிற இடம் முழுக்கக் கறுப்பு. தட்டினால் 'டங்' என்று வரவேண்டியது 'டொக்' என்றது.

"மாட்டி மூணு வாரம்தான் ஆச்சு மாமா."

"இந்த வெயில்ல எப்படிடா துரு?"

பதில் சொல்லாமல் உள்ளங்கையை நீட்டினான். மேடையில் இல்லை, வெயிலில் இல்லை, ஃபேனுக்கு அடியில்தான் உட்கார்ந்திருக்கிறான். கை நனைந்திருந்தது!

வேர்வை சும்மா தண்ணீர் இல்லை, உப்புத் தண்ணீர். தண்ணீர் காய்ந்தாலும் உப்பு கம்பியில் தங்கிவிடும். ராத்திரிப் பனியில் கொஞ்சம் ஈரம் கிடைத்தால் போதும், உப்பு அதை இழுத்து வைத்துக்கொண்டு இரும்பைத் தின்னத் தொடங்கும். அதோடு விரல் எண்ணெய், தோல் துகள், இந்தக் கரிசல் தூசி எல்லாம் சுருட்டுக் கம்பியின் சந்துகளில் போய் அடையும். கம்பி ஒரு இடத்தில் கனமாகவும் இன்னொரு இடத்தில் லேசாகவும் ஆகிவிடும். அப்புறம் கணீரென்ற சத்தம் செத்துப்போகும், சுருதியும் நேராக நிற்காது. போன வருஷ முறைப்புக்குக் காரணம் அதுதான்.

"கோட்டட்ல அந்தச் சந்தையே மூடிருவாங்க மாமா" என்று அவன் சொன்ன கதை சுவாரஸ்யம். நான்ஸ்டிக் தோசைக்கல்லில் இருக்கிற டெஃப்லான் 1938-ல் அமெரிக்காவில் தற்செயலாகக் கண்டுபிடித்த சரக்கு. 1969-ல் பாப் கோர் என்பவர் அதைச் சூடாக்கி வெடுக்கென்று ஒரு இழு இழுத்தார். அறாமல் பல மடங்கு நீண்டுகொண்டே போனது. நுண்ணிய துளைகள் உள்ள மெல்லிய ஜவ்வு கிடைத்தது. அதை வைத்து மழைக்கோட்டுத் துணி தயாரித்தார்கள். அந்தக் கம்பெனி இன்ஜினீயர் ஒருவர் தன் சைக்கிள் கேபிள் சிக்காமல் ஓடுவதற்காக அதற்குப் பூச்சுப் போட்டுப் பார்த்தார். கேபிளும் கம்பிதானே, கிடாரும் கம்பிதானே என்று யோசனை தாவியது. 1997-ல் 'எலிக்ஸிர்' என்ற பெயரில் அந்தக் கம்பி கடைக்கு வந்தது.

"ரெண்டு விதமாப் பண்ணலாம். சுருட்டுற கம்பிக்கு மட்டும் முதல்லயே பூசிட்டு அப்புறமா சுருட்டுறது ஒண்ணு. டடாரியோ கம்பெனியில அப்படி ஒரு செட் போட்டாங்க. முழுசாச் சுருட்டி முடிச்சிட்டு மேல ஒரு சட்டை போட்ட மாதிரி மூடுறது இன்னொண்ணு. எலிக்ஸிர் அப்படித்தான்."

மூலையில் ஒரு கனைப்பு.

"சிட்டத்துலயே கஞ்சி போடுறதுக்கும், பாவு நீட்டிக் கஞ்சி போடுறதுக்கும் உள்ள வித்தியாசம்" என்றார் மச்சான்.

அக்கா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். பல மாசத்துக்கு அப்புறம் அப்பன் மகனைப் பார்த்து நேராகப் பேசிய வார்த்தை அதுதான்!

* * *

மச்சான் நாற்காலியை இழுத்துக்கொண்டு கிட்டே வந்தார். "என்ன மாப்ளே பெரிய அதிசயம்? எங்க அய்யா காலத்துல விடிகாலையில தெருவை அடைச்சுப் பாவு நீட்டுவோம். அரிசிக் கஞ்சியில துளி தேங்காயெண்ணெய் விட்டு, பாவு மேல தடவி, பிரஷ்ஷால நீவி நீவி விடணும். வெயில் ஏறுறதுக்குள்ள முடியணும். எதுக்கு? தறியில அச்சுப்பல்லு உரசும், விழுது உரசும், நாடா உரசும். கஞ்சி இல்லாத இழை பிசிறடிச்சு அறுந்து போகும்."

கிடாரை வாங்கி, கறுத்த கம்பியை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். "கஞ்சி கெட்டியாப் போச்சுன்னா?" என்று மகனைக் கேட்டார்.

"சத்தம் கொஞ்சம் அமுங்கும்ப்பா. வழவழன்னு இருக்கும். சில பேருக்கு அது பிடிக்காது. அதனால பின்னால வர வரப் பூச்சை மெலிசாக்கிக்கிட்டே வந்தாங்க."

"மெலிசாப் போனா?"

"சத்தம் சாதாக் கம்பி மாதிரியே இருக்கும். ஆனா சீக்கிரம் தேயும்."

"அதேதான்! கெட்டிக் கஞ்சின்னா இழை விறைச்சுக்கும். தண்ணிக் கஞ்சின்னா பேருக்குத்தான். சரி, கஞ்சி போட்டா உன் கம்பி அறாதா?"

மருமகன் யோசித்தான். "அறும்ப்பா. ஓங்கி அடிச்சா அறும்."

"அப்படிச் சொல்லு. கஞ்சி உரசலுக்குத்தான் காவல், முரட்டு மிதிக்குக் காவல் இல்ல. உன் கம்பி எப்படிப் போகுது? அறுந்து போகுதா, செத்துப் போகுதா?"

வாத்தியக் கடையில் யாரும் என்னைக் கேட்காத கேள்வி! கோட்டடா சாதாவா என்ற குழப்பத்துக்கு அதைவிட நல்ல அளவுகோல் வேறு இல்லை. நீங்கள் கிடார் வாசிப்பவராக இருந்தாலோ, வீட்டில் ஒரு பிள்ளை வாசித்தாலோ குறித்துக்கொள்ளுங்கள். கம்பி கறுத்து, சத்தம் மங்கிச் சாகிறது என்றால் பூச்சுக் கம்பி காசுக்குத் தகும். பளபளவென்று இருக்கும்போதே அறுந்து அறுந்து போகிறது என்றால் சாதாக் கம்பியே போதும். அறுவதற்கு ஆயிரத்து அறுநூறு எதற்கு?

"செத்துத்தான் போகுது" என்றான். "முதல் கம்பி மட்டும் எப்பவாவது அறும்."

அதற்கும் வழி இருக்கிறது. முதல் கம்பி தனியாகவும் கிடைக்கும். சாதாவிலேயே அதே கனத்தில் இரண்டு உதிரி வாங்கிப் பையில் போட்டுக்கொண்டால் மேடையில் பயமில்லை. ஒரு கம்பி அறுந்ததற்காகப் பூச்சு செட் முழுக்கப் பிரிக்கிற பாவம் வேண்டாம்.

மச்சான் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துக் காலண்டர் தாளைக் கிழித்தார். "மூணு வாரத்துக்கு அறுநூறு. அப்ப எட்டு வாரத்துக்கு ஆயிரத்தறுநூறு. புதுக் கம்பி எட்டு வாரம் தாங்குமா?"

"சாதாவை மாதிரி சில மடங்கு உழைக்கும்னு கம்பெனியில சொல்றாங்கப்பா."

"கம்பெனிக்காரன் சொல்றதுல பாதியைத் தள்ளு. எட்டு வாரம் ஓடுனா கணக்கு நேரு. ஒன்பதாவது வாரத்துல இருந்து உனக்கு லாபம்."

அப்புறம் அவர் செய்ததுதான் நான் எதிர்பார்க்காதது. மகனுடைய கையைப் பிடித்துத் திருப்பி, தன் உள்ளங்கையைப் பக்கத்தில் வைத்தார். அதுவும் ஈரம்.

"என் கை மாப்ளே இது. கூட நெய்ஞ்சவன்லாம் பட்டுக்கும் சரிகைக்கும் மாறினான். சம்பளம் ரெண்டு பங்கு. எனக்கும் ஆசைதான். சரிகையில கை வச்சா ரெண்டே நாள்ல கறுத்துரும். 'உன் கை காட்டனுக்குத்தாம்ப்பா லாயக்கு'ன்னுட்டாக. முப்பது வருஷம் காட்டன்லயே நின்னேன். கைக்கு என்ன பூச்சுப் பூச முடியும்?" கொஞ்ச நேரம் பேசவில்லை. "இவன் கம்பிக்காவது பூச முடியுதே" என்றார்.

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். வெயில்தான் காரணம் என்று வைத்துக்கொள்வோம்.

* * *

சாயங்காலம் ஆயிரத்து அறுநூறு ரூபாய்ப் பொட்டலம் பிரிக்கப்பட்டது. மருமகன் பழைய கம்பிகளை ஒவ்வொன்றாகத் தளர்த்திக் கழற்ற, மச்சான் கட்டைக்கு அடியில் அடைந்திருந்த தூசியைப் பழைய பிரஷ்ஷால் தட்டினார். நல்ல பிரஷ். தறிக்கால பிரஷ். புதுக் கம்பியின் நுனியை நறுக்குவதற்கு முன்னால் மடக்கிக்கொள்ள வேண்டுமாம், இல்லையென்றால் உள்ளே இருக்கிற சுருட்டு அவிழ்ந்து கம்பி கெட்டுவிடும். வாசிக்கிற குச்சி படுகிற இடத்தில் நாளாக ஆகப் பூச்சு தேய்ந்து பஞ்சு மாதிரிப் பிசிறு கிளம்பும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம் என்றான். ஆனால் பூச்சு போன இடத்தில் வேர்வை மறுபடி வேலையைக் காட்டும். மெலிசுக் கம்பி மூன்றுக்கும் அந்த ஜவ்வுப் பூச்சு கிடையாது, துரு தடுக்கிற முலாம் மட்டும்தான். ஆக, பூச்சு இருக்கிறதே என்று துடைக்காமல் இருந்துவிட முடியாது. வாசிப்பதற்கு முன் கையைக் கழுவ வேண்டும், முடித்ததும் துணியால் துடைக்க வேண்டும். அந்தக் காசில்லாத வைத்தியம் சாதாக் கம்பிக்கும் உதவும்.

மச்சான் எழுந்து உள்ளே போனார். பரணில் எதையோ உருட்டுகிற சத்தம். திரும்பி வந்தபோது கையில் ஒரு காட்டன் துணி. சேலை அளவில் இல்லை, முந்தானை மாதிரி ஒரு முழம்.

"தறியில கடைசியா அறுத்தது. மிச்சப் பாவு. இதால தொடை" என்று கிடார் மேல் போட்டுவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் வாசலுக்குப் போய்விட்டார்.

மருமகன் வாசிக்க ஆரம்பித்தான். கணீர் என்று வந்தது. கோயில் மணி அடிக்கிற நேரம். தெருவில் போன பாட்டி நின்று கேட்டுவிட்டு, "ரேடியோ புதுசா?" என்று அக்காவிடம் விசாரித்துவிட்டுப் போனாள். வாசலில் உட்கார்ந்திருந்த மச்சானின் கால் கட்டைவிரல் மேலும் கீழும் ஆடிக்கொண்டிருந்தது. தறி மிதிக்கிற பழக்கமா, தாளமா? நான் கேட்கவில்லை.

மறுநாள் மதுரையில் அதே கடை. பிரிக்காத அறுநூறு ரூபாய்ப் பொட்டலத்தைக் கவுன்ட்டரில் வைத்தேன். இந்தத் தடவை நான் விஷயம் தெரிந்த ஆள். "டென்னு, சாதா. திருப்பி எடுத்துக்கங்க. முதல் கம்பி மட்டும் அதே கனத்துல உதிரியா ரெண்டு குடுங்க" என்று ஸ்டைலாகச் சொன்னேன்.

பையன் பெரிய மரியாதையோடு பார்த்தான். பாக்கிக் காசை எண்ணிக் கையில் வைத்துவிட்டுச் சொன்னான்:

"சூப்பர் நைனா!"

இந்தத் தடவை ஒன்பது இல்லை. என்னைத்தான்.